இருபத்து மூன்றாவது பெயர்

“பள்ளிக்கூடத்துக்கு வந்து போறது வேற, நடத்துறது வேற டீச்சரம்மா. ஒங்க வீட்டுலயே மொதமொதப் பள்ளிக்கூட வாசலை மிதிச்சது நீங்கதானாமே?”

தலைமையாசிரியையாக நான் பொறுப்பேற்ற அன்று காலை, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். பெயரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது, பட்டாளத்தார் என்றால்தான் தெரியும். மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். கேட்டதில் கேலி இல்லை. கிணற்றில் புது மோட்டார் இறக்கும்போது ‘இது அம்புட்டு ஆழத்துல இருந்து தண்ணி இழுக்குமா’ என்று விசாரிப்பார்களே, அந்தக் குரல். அதனாலேயே அதிகமாகச் சுட்டது.

“ஆமா சார், நான்தான். எனக்குப் பொறவு என் தங்கச்சி, அதுக்குப் பொறவு எங்க அக்கா பிள்ளைக ரெண்டு பேரு. இப்ப எங்க ஆளுக மிதிச்சு மிதிச்சு வாசலே தேஞ்சுபோச்சு” என்றேன்.

சிரித்தார். ஆனால் நம்பவில்லை என்பது தெரிந்தது.

இந்த மாதம் உங்களில் சிலர் முதன்முறையாகத் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். பள்ளியை விட்டுப் போகிறவள் என்ற முறையில் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். விடைபெறும் தலைமையாசிரியை என்றால் நரைத்த தலையையும் பொன்னாடையையும் எதிர்பார்ப்பீர்கள். எனக்கு முப்பத்தெட்டு வயது. அந்தப் பள்ளி தூரம் என்று எனக்கு மூத்தவர்கள் மூன்று பேர் பதவி உயர்வை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டதால், முப்பத்தோரு வயதில் என் முறை வந்தது. என் ஊர் செட்டியார்பட்டியில் இருந்து ராஜபாளையம், அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கே இன்னொரு பேருந்து மாறி கூமாப்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூர். ஏழு வருடம் அப்படிப் போய் வந்தேன். இப்போது தேர்வு எழுதி, வட்டாரக் கல்வி அலுவலராகத் தேர்வாகிப் போகிறேன். எங்கள் தெருவில் ‘அலுவலர்’ என்ற சொல்லோடு முடியும் வேலைக்குப் போகும் முதல் ஆள் நான். பெருமையாக இருக்கிறது, இல்லையென்று சொன்னால் பொய்.

சேர்க்கையைக் கூட்டியது, சுற்றுச்சுவர் வாங்கியது, எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளைகூடப் படிப்பை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டது என்று எழுத எனக்கு நிறைய இருக்கிறது. அவற்றைப் பதிவேட்டில் படித்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பத்தாம் வகுப்பு படித்தபோது பருத்தி எடுக்கும் காலத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் அம்மாவோடு காட்டுக்குப் போவேன். போகாவிட்டால் வீடு ஓடாது. அந்த நாட்களில் என் வகுப்பாசிரியை எனக்கு வருகை போட்டுவிடுவார். என்னிடம் சொன்னதில்லை. வருகை குறைந்தால் பொதுத்தேர்வு எழுத விடமாட்டார்கள் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. அவருடைய பேனா அன்று பொய் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஒருவேளை ஒரு மில்லில் நூல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பேன்.

ஆகவே நான் தலைமையாசிரியையாக இருந்த பள்ளியில், ஏழாம் வகுப்பில் மாரிச்செல்வி என்றொரு பிள்ளை தினமும் பத்தரை, பதினொன்றுக்கு வந்தபோது எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் அம்மாவை மில் வேன் விடியுமுன் ஏற்றிக்கொண்டு போய்விடும். அப்பா கேரளாவில். மூன்று வயதுத் தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டுத்தான் இவள் வரமுடியும். அங்கன்வாடி திறக்கப் பத்து மணி ஆகும். எங்களுக்கோ பத்து மணிக்குள் வருகையைப் பதிவேட்டில் போட்டு, செல்போன் ஆப்பிலும் ஏற்றிவிட வேண்டும். அதில் வந்தாள், வரவில்லை என்று இரண்டே கட்டங்கள். தாமதமாக வருவாள் என்பதற்குக் கட்டம் கிடையாது.

“அவ எப்படியும் வந்திருவா சார். போட்டுருங்க” என்று அவளுடைய வகுப்பாசிரியரிடம் ஜூன் மாதத்திலேயே சொல்லிவிட்டேன். அறிவியல் பாடம் நடத்துபவர், பணிக்கு வந்து இரண்டு வருடம். கொஞ்சம் தயங்கினார்.

“டீச்சர், வராத நாளும் இருக்கே?”

“அன்னிக்குப் பொறவு அடிச்சு எழுதிக்கலாம்.”

அடித்து எழுதியதே இல்லை. காலையில் போடும்போதே மதியத்துக்கும் சேர்த்துப் போட்டுவிடுவது வழக்கமாயிற்று. மாரிச்செல்விக்கு நூறு சதவீதம். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி, பட்ட கடனைத் தீர்க்கிறேன் என்று.

இனி அந்த ஐப்பசி மதியம்.

அடிவாரத்துப் பள்ளிகளுக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே ஓடையில் வெள்ளம் வரும். மழை மலையில் பெய்யும். தண்ணீர் மட்டும் நம்மிடம் வரும். எங்கள் பள்ளிக்கும் அக்கரைக் குடியிருப்புக்கும் நடுவே ஓர் ஓடை. வருடத்தில் பத்து மாதம் மணல்தான். குறுக்கே தரைப்பாலம். அக்கரையில் இருந்து எங்கள் பிள்ளைகள் அதன் வழியாகத்தான் வரவேண்டும்.

இரண்டரை மணிக்குப் பட்டாளத்தார் போன் செய்தார்.

“டீச்சரம்மா, தோப்புல நிக்கேன். மேல நல்லா ஊத்துது, இங்கன இருந்தே சத்தம் கேக்கு. அக்கரைப் பிள்ளைகள இப்பமே அனுப்புதீகளா, இல்ல பள்ளிக்கூடத்துலயே வச்சுக்கிடுதீகளா? செத்த நேரந்தான் இருக்கு, சட்டுனு சொல்லுங்க.”

வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். “நிலைமையைப் பார்த்து நீங்களே முடிவெடுங்க மேடம்” என்றார்கள். அடுத்த மூச்சில், “ஆனா நேரத்துக்கு முன்னாடி பள்ளியை விட்டதா இருக்கக் கூடாது” என்றார்கள். இப்படி ஒரு பதில் உங்களுக்கும் வரும். கோபப்பட நேரம் இருக்காது.

வைத்துக்கொண்டால் பிள்ளைகள் பத்திரம். ஆனால் சாயங்காலம் பிள்ளை வீடு வரவில்லையென்றால் அப்பாமார் சும்மா இருக்க மாட்டார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வருவார்கள். முந்தின வருடம் ஒருவர் அப்படி இறங்கி, பிடிக்க ஆள் இருந்ததால் பிழைத்தார். அனுப்பினால் தண்ணீரை முந்த வேண்டும். ஓடை கால் மணி நேர நடை. அனுப்புவது என்று முடிவெடுத்தேன். அது சரியா என்று இன்றும் என்னோடு வாதாடலாம். இரண்டு பக்கமும் என்னிடம் பதில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது இல்லை.

கணக்கில்லாமல் பிள்ளைகளை வெளியே விடக் கூடாது என்பது நான் வைத்திருந்த விதி. அதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு. எல்லா வகுப்புப் பதிவேடுகளையும் மேசைமேல் பரப்பி, அக்கரைப் பிள்ளைகளில் அன்று வந்திருந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். இருபத்து மூன்று. அவசரத்திலும் கையெழுத்து நேராக இருந்தது. அந்தத் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். தாள் இருக்கிறதே என்ற தைரியத்தில், வாசலில் நின்று தலைகளை எண்ணவில்லை. புரிகிறதா? என் எதிரே பிள்ளைகள் நின்றார்கள். நான் பதிவேட்டை எண்ணினேன்.

அறிவியல் சார் முதல் வரிசையை அழைத்துக்கொண்டு வேகமாக முன்னே போனார். இரண்டாம் வரிசை என்னோடு. நாங்கள் தரைப்பாலத்துக்கு ஐம்பது அடி தள்ளி வரும்போது, லாரியில் இருந்து கல் கொட்டுவது போல ஒரு சத்தம். பிறகு ஓடையில் கிடந்த சருகெல்லாம் தானாக நகர்ந்தது. அதன் பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர், தென்னை மட்டைகளைத் தள்ளிக்கொண்டு. நான் கத்திய கத்தலில் என்னோடு வந்த பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரைப்பாலம் மறைந்துபோனது.

முதல் வரிசை அக்கரையில் நின்றது தெரிந்தது. சார் கையை ஆட்டினார். எனக்கு உயிர் வந்தது. தோப்பில் இருந்து பட்டாளத்தாரும் இன்னும் நாலு பேரும் ஓடி வந்து எங்கள் பக்கக் கரையில் நின்றார்கள்.

செல்போன் அடித்தது. மணி மூன்று நான்கு.

“டீச்சர், இங்க பன்னெண்டு பேரு. அங்க?”

எண்ணினேன். “பத்து.”

“அப்ப இருபத்து ரெண்டு. லிஸ்ட்ல?”

தாளைப் பிரித்தேன். ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். இரண்டு கரையிலும் ஒவ்வொரு பிள்ளையாகக் கையைத் தூக்கியது. கடைசிப் பெயருக்கு எந்தக் கரையிலும் கை உயரவில்லை. மாரிச்செல்வி.

“சார், இன்னிக்கு அவ வந்தாளா?”

அன்று இரண்டு ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போயிருந்தார்கள். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பும் ஒரே ஹாலில் நெரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. “தெரியலையே டீச்சர்” என்றார். “நான்… வழக்கம் போலப் போட்டுட்டேன்.”

பிள்ளைகளைக் கேட்டேன்.

“வந்தா டீச்சர்” என்றாள் ஒருத்தி.

“நேத்துல்ல வந்தா!” என்றான் இன்னொருவன்.

“இல்ல டீச்சர், வரிசையில எங்களுக்குப் பின்னாடிதான் வந்துக்கிட்டு இருந்தா” என்றாள் அக்கரையில் ஒரு சின்னப் பிள்ளை. சாரின் போனில் அந்தக் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இங்கிருந்துதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது தொடங்குகிறது.

பட்டாளத்தார் என்னிடம் இருந்து பத்தடி தூரத்தில் நின்றார். கையில் கயிறு வைத்திருந்தார். “கணக்குச் சரியா இருக்கா டீச்சரம்மா?” என்று கேட்டார்.

“பார்த்துக்கிட்டு இருக்கோம் சார்” என்றேன். சாதாரணக் குரலில் சொன்னேன். அந்தக் குரல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

சாரிடம் போனில் மெதுவாக, “யார்கிட்டயும் சொல்லாதீங்க. மொதல்ல அவ வீட்டைப் போய்ப் பாருங்க” என்றேன். அவர் ஓடினார். சத்துணவு அமைப்பாளர் அக்காவைக் கூப்பிட்டேன். மாரிச்செல்வி மதியம் சாப்பிட்டாளா?

“நான் என்ன பேரு கேட்டா சோறு போடுதேன்? தட்டு நீட்டுன கைக்கெல்லாம் போடுதேன். நீங்க குடுத்த நம்பருக்கு முட்டை அவிச்சேன்.”

“மிச்சம் இருந்துச்சா அக்கா?”

“ஒண்ணு இருந்துச்சு. அது எந்தப் பிள்ளையாவது வேண்டாம்னு வைக்கிறதுதான். எதுக்கு டீச்சர்?”

அந்த ஒரு முட்டையைப் பிடித்துக்கொண்டேன். மிச்சம் இருந்தால் அவள் வரவில்லை என்றுதானே அர்த்தம்? அவள் அம்மா வேலை செய்யும் மில்லுக்குப் போன் போட்டேன். வாட்ச்மேன் எடுத்தார். எந்த டிபார்ட்மெண்ட், என்ன பெயர், உங்களுக்கு என்ன உறவு. “செத்த நேரம் லைன்ல இருங்க” என்றார். லைனில் இருந்தேன். என் கண்ணெதிரே தண்ணீர் இன்னும் ஒரு படி ஏறியது.

ஏன் நான் உடனே கத்தவில்லை? உங்களுக்கு நேர்மையாகச் சொல்கிறேன். கத்தினால் தீயணைப்பு வண்டி வரும், ஊர் வரும், செய்தி வரும். பிள்ளை வரவே இல்லை என்று ஆகிவிட்டால், வராத பிள்ளைக்கு எப்படி வருகை போட்டாய் என்று கேட்பார்கள். நடத்தத் தெரியவில்லை என்பார்கள். அந்த வாக்கியம் பொறுப்பேற்ற நாளில் இருந்து, இல்லை, நான் பிறந்ததில் இருந்தே என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் இல்லாமல் கண்டுபிடித்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு பிள்ளை தண்ணீருக்குள் இருக்கலாம் என்று தெரிந்துகொண்டே நினைத்தேன்.

வீடு பூட்டியிருக்கிறது என்று சார் சொன்னார். அதன் பிறகுதான் தீயணைப்பு நிலையத்துக்கு அழைத்தேன். போனை வைத்துவிட்டுப் பட்டாளத்தாரிடம் திரும்பி, “சார், ஒரு பிள்ளையைக் காணோம்” என்றேன். மணி மூன்று பதினொன்று.

ஏழு நிமிடம்.

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினார். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் இருந்த பனையில் கட்டினார், மறுமுனையை இடுப்பில். “ஏலே, ரெண்டு பேரு கயித்தப் பிடிங்கலே” என்று சொல்லிவிட்டு இறங்கினார். தரைப்பாலத்தின் குழாய்களில் எங்காவது பிள்ளை சிக்கியிருக்கிறதா என்று ஒரு கம்பால் குத்திக் குத்திப் பார்த்தார். அறுபதைத் தாண்டியவர். இரண்டு தடவை தண்ணீர் அவரைச் சாய்த்தது. அக்கரையில் தாய்மார்கள் கூடிவிட்டார்கள். யார் பிள்ளை, யார் பிள்ளை என்று கத்துவது மட்டும் இங்கே கேட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து தீயணைப்பு வண்டி வந்தது. அவர்களும் கயிறு கட்டிக் கீழே தேடிக்கொண்டே போனார்கள். நான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வியர்வையில் மை பரவி, மேலே இருந்த பெயர்களெல்லாம் கலைந்துவிட்டன. கடைசிப் பெயர் மட்டும் கலையவில்லை.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருக்கும். எங்களுக்குப் பின்னால் சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து வந்து நின்று போன சத்தம். யாரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

“யாரைத் தேடுதாக டீச்சர்? எங்க தெருப் பிள்ளையா?”

திரும்பினேன். இடுப்பில் தம்பி, ஒரு கையில் டானிக் பாட்டில். மாரிச்செல்வி.

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்த கையை விட முடியவில்லை. அவளுடைய வகுப்புப் பையன் ஒருவன்தான் கத்தினான்:

“ஏட்டி, ஒன்னியத்தான் தேடுதோம்! நீ தண்ணியில போயிட்டன்னு ஊரே நிக்குது!”

“நான் எதுக்குலே தண்ணியில போறேன்? தம்பிக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் இன்னிக்கு லீவு.”

நான் இன்னிக்கு லீவு. அவள் அதை எவ்வளவு இயல்பாகச் சொன்னாள் தெரியுமா? வராத பிள்ளைக்கு லீவு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

பட்டாளத்தாரைக் கரையேற்றினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. மாரிச்செல்வியைப் பார்த்தார். என் கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

“லீவு போட்ட பிள்ளை பேரு இந்தத் தாள்ல எப்படி டீச்சரம்மா வந்துச்சு?”

பட்டாளத்தாரைக் கரையேற்றும்போதே சார் அழைத்திருந்தார், எடுத்த போன் இன்னும் இணைப்பில் இருந்தது. அக்கரையில் இருந்து சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “டீச்சர், நான்தான் தப்பாப் போட்டுட்டேன்னு சொல்லிருங்க. நான் சின்ன ஆளு, பெருசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க” என்றார்.

“வேண்டாம் சார்” என்று சொல்லிப் போனை அணைத்தேன். பட்டாளத்தாரிடம், “நான்தான் போடச் சொன்னேன்” என்றேன்.

“எம்புட்டு நாளா?”

“ஜூன்ல இருந்து.”

வேட்டியைப் பிழிந்தார். நிதானமாகப் பிழிந்தார். “பட்டாளத்துல ஆள் கணக்குத் தப்பாக் குடுத்தவனை நான் பார்த்திருக்கேன். அவன் பொறவு ஒழுங்காத் தூங்கி நான் பார்த்ததில்ல” என்றார். என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, குரலைத் தணித்துக்கொண்டார். “சரி விடுங்க. காணோம்னு தெரிஞ்ச ஒடனே சொன்னீகல்ல. மறைக்கலைல்ல. அது போதும். நடத்துதீக.”

அந்த ஏழு நிமிடத்தைச் சொல்லாமல், தாளை நாலாக மடித்தேன்.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கவனக்குறைவு என்று ஒரு வரியில் முடித்துவிடும்படி நண்பர்கள் சொன்னார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. ஜூன் மாதத்தில் இருந்து வருகை போடச் சொன்னது நான்தான் என்று முழுவதையும் எழுதினேன். எழுதும்போது நல்ல மனுஷி என்ற நினைப்புக்கூட வந்தது. ஆனால் அதே கடிதத்தின் மூன்றாம் பத்தியில், ‘ஒரு மாணவி குறைவது தெரிந்தவுடன், உடனடியாகத் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் தெரிவித்தேன்’ என்றும் எழுதினேன். பட்டாளத்தார் பெற்றோர் சார்பில் எனக்காக ஒரு கடிதம் கொடுத்தார். அதிலும் ‘உடனடியாக’ இருந்தது. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். ‘தவறு செய்தாலும் மறைக்காத தலைமையாசிரியை’ என்று ஒரு பெயர் எனக்கு வந்தது. கூட்டங்களில் என்னை உதாரணம் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதன் பிறகு பள்ளியில் சிலவற்றை மாற்றினேன். மாரிச்செல்வியின் தம்பியை ஒன்பது மணிக்கே கூட்டி வரச் சொன்னேன்; அங்கன்வாடி திறக்கும்வரை ஒன்றாம் வகுப்பில் ஒரு பாய் விரித்து உட்கார வைத்தோம். இதை ஜூன் மாதத்திலேயே செய்திருக்கலாம். பேனாவால் தீர்ப்பது எளிதாக இருந்ததால் வேறு வழி யோசிக்கவில்லை. பள்ளி விடும்போது வாசலில் நின்று முகத்தைப் பார்த்து எண்ணுவது வழக்கமாயிற்று. வருகையை இருக்கிறபடியே போட்டதில் எங்கள் சதவீதம் சரிந்தது. ஒரு கூட்டத்தில் குறைந்த வருகைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களை எழுந்து நிற்கச் சொன்னபோது நானும் எழுந்து நின்றேன். அன்று மட்டும் தலையைக் குனியவில்லை.

எனக்குப் பத்தாம் வகுப்பில் வருகை போட்ட டீச்சர் செய்தது தவறா? இதை என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் பருத்திக்காட்டுக்கும் நடுவே ஓடை இல்லை என்பது மட்டும் தெரியும்.

மாரிச்செல்வி இப்போது வ. புதுப்பட்டியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். தம்பி எங்கள் பள்ளியில். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்பது அவளுக்கு அன்று அடித்த அதிர்ஷ்டம். நான் எடுத்த முடிவால் அல்ல. அவள் உண்மையிலேயே அந்தக் குழாயில் சிக்கியிருந்தால் என்ற கணக்கை நான் ஒவ்வொரு ஐப்பசியிலும் போட்டுப் பார்க்கிறேன். அந்த நாளின் அழைப்புப் பட்டியலைப் படமாக எடுத்து வைத்திருக்கிறேன். மூன்று நான்கு. மூன்று பதினொன்று. போன் மாற்றியபோது அதை முதலில் மாற்றிக்கொண்டேன்.

புதிய வேலையில் நான் செய்யப்போவது என்ன? உங்களிடம் விளக்கம் கேட்பது. எப்போது தெரிந்தது, எப்போது சொன்னீர்கள், இடையில் என்ன செய்தீர்கள் என்று கேட்பது. பணி நியமன உத்தரவு கைக்கு வந்த அன்றே இதுதான் நெஞ்சில் அடைத்தது. ஏழு நிமிடத்தை மடியில் வைத்துக்கொண்டு இன்னொருவரிடம் மணி கேட்க எனக்கு வாய் வராது.

பள்ளிச் சாவியை ஒப்படைத்த மறுநாள் பட்டாளத்தாரின் தோப்புக்குப் போனேன். தேங்காய் வெட்டு நடந்துகொண்டிருந்தது. நின்றபடியே சொன்னேன். பத்தடி தூரத்தில் அவர் கேட்டதும், நான் சாதாரணக் குரலில் சொன்ன பதிலும், மில் வாட்ச்மேன் லைனில் இருக்கச் சொன்னதும், முட்டையும், எல்லாம்.

கையைக் காட்டித் தேங்காய் வெட்டை நிறுத்தினார்.

“ஏழு நிமிசமா?”

“ஆமா சார்.”

“அந்தப் பிள்ளை உள்ள இருந்திருந்தா மூணு நிமிசந்தான் தாங்கும்.”

“தெரியும் சார்.”

“இப்ப எதுக்குச் சொல்லுதீக? புது வேலைக்குப் போற நேரத்துல?”

அலுவலகத்துக்கு எழுதப் போகிறேன் என்றேன். பழைய விளக்கத்தில் மூன்றாம் பத்தி உண்மையில்லை என்று. வேலைக்கு என்ன ஆகும் என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா தெரு முழுக்க இனிப்புக் கொடுத்துவிட்டாள்.

அவர் கீழே கிடந்த ஒரு தேங்காயைக் காலால் உருட்டி ஓரமாகத் தள்ளினார். பாராட்டவில்லை, திட்டவுமில்லை. “கையில கொண்டு போய்க் குடுக்காதீக. வாங்க மாட்டாக, பேசி அனுப்பிருவாக. தபால்ல போடுங்க. என் காயிதத்துலயும் ‘ஒடனடியா’ன்னு இருக்குல்ல, அதுக்கும் சேர்த்து எழுதிருங்க. நான் கையெழுத்துப் போடுதேன்” என்றார்.

அவர் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். போன வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் நிலையத்தில் எடை போட்டு, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டேன். ரசீது என் கைப்பையில் இருக்கிறது.